பகல் பன்னிரண்டு ஐந்துக்கு வெந்நீர்

அணைத் தளம்
நவம்பர் 26, புதன்

வீட்டுக்காரிக்கு,

இங்கே நான் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். காவல் சாவடி போனில் பேசினால் இரண்டாம் நிமிடம் சண்டை, மூன்றாம் நிமிடம் நீ வைத்துவிடுவாய். அதனால் நாம் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி எழுதுகிறேன். புதன்கிழமை சாமான் லாரியில் இது வரும்.

விஷயம் ஒன்றுதான். கேரவனில் இருக்கும் கேஸ் ஹீட்டரை எப்படிப் பற்றவைப்பது? பதினோரு வருடமும் நீதான் பற்றவைத்தாய். நீ போன ஆறு மாதமாக நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். இப்போது வெந்நீர் தேவைப்படுகிறது. சுவரில் உள்ள சுவிட்சைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், மறுபடியும் சிவப்பு. ஏழு முறை செய்தேன். ஏழு முறையும் சிவப்பு.

மகளைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

நீர்மட்டம் இன்று 31.4 மீட்டர்.

இப்படிக்கு,
அளவுக்காரன்


ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்
நவம்பர் 30

அணையின் அளவுக்காரருக்கு,

முதலில் அந்த சுவிட்சிலிருந்து கையை எடுங்கள். ஏழு முறையா! உள்ளே கேஸ் சேர்ந்து மொத்தமாகப் பிடித்திருந்தால் உங்களை அணைக்கு அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கியிருக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது உங்களுக்குக் கைவந்த கலைதானே.

வெளியே போய்க் கிழக்குப் பக்கச் சுவரைப் பாருங்கள். ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதுதான் ஹீட்டரின் புகைவாய். நான் கிளம்பும்போது பூச்சி கூடு கட்டக் கூடாதென்று மூடினேன். அதைக் கழற்றாமல் பற்றவைத்தால் எந்த ஜென்மத்திலும் எரியாது. அடுத்தது தண்ணீர். பம்பைப் போட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் துப்பும், இருமும், காற்றாக வரும். ஒரே சீராகத் தண்ணீர் விழுந்த பிறகுதான் ஹீட்டரில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். காலி ஹீட்டரைப் பற்றவைத்தால் அதோடு அதன் கதை முடிந்தது. பிறகு சிலிண்டரைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, அரை மணி நேரம் பொறுங்கள். எரியும் நேரம் முழுக்க அந்தக் கிழக்கு ஜன்னல் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை திரும்ப உள்ளே வரும். தரையில் இருக்கும் காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து துணி வைத்து அடைக்கவே கூடாது. கேஸ் கசிந்தால் கீழேதான் இறங்கும், வெளியேற அதுதான் வழி.

இதையெல்லாம் பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம். வெந்நீர் தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மகளைப் பற்றி எழுத மாட்டீர்களாம். நல்லது, நான் எழுதுகிறேன். அவளுக்கு நான் போட்ட கடிதங்களில் நான்காவதும் பிரிக்காமல் திரும்பி வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. மனைவியை விலக்கிவிட்டு வந்த ஒரு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு மழையில் வந்து நின்றவளுக்கு நான் கதவைத் திறக்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று வீம்பாக உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது படியில் யாரும் இல்லை. மூன்று வருடம் ஆகிறது.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். பதினெட்டு அடிக் கேரவனில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசாமலே என்னைக் குற்றவாளியாக்கினீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இங்கே பாய்லர் இரைச்சலிலும் விரிப்புகளின் ஈர வாடையிலும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

அவளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் இல்லாத வீட்டுக்காரி


அணைத் தளம்
டிசம்பர் 17, புதன்

வீட்டுக்காரிக்கு,

மூடியைக் கழற்றினேன். தண்ணீர் துப்பியது, இருமியது, சீரானது. முதல் முறையிலேயே பற்றியது. இருபத்தெட்டு நிமிடத்தில் நல்ல சூடு.

இப்போது வேறு சந்தேகம். நாம் இருவரும் இருந்தபோது ஒரு சிலிண்டர் சமையலோடு சேர்த்து ஒரு மாதம் வந்தது. இப்போது ஒன்பதாம் நாளில் தீர்ந்துவிட்டது. கசிவு இருக்குமோ? எப்படிப் பார்ப்பது?

நீ மற்றதைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

நீர்மட்டம் 31.9.

அளவுக்காரன்


சலவைக்கூடம்
டிசம்பர் 20

அளவுக்காரருக்கு,

"படித்தேன்." இதற்கு ஒரு முழுக் கடிதாசியும் ஒரு லாரியும் தேவைப்பட்டிருக்கிறது. சரி.

கசிவு பார்க்க, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரை நன்றாக நுரைக்க அடித்து, ரெகுலேட்டரிலும் குழாய் இணைப்புகளிலும் பூசுங்கள். குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறேன் என்று எந்த மேதாவியாவது சொன்னால் அவரை அணைக்குள் தள்ளுங்கள். குழாய் வெடித்திருந்தாலும் தேதி கடந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

குமிழி வராவிட்டால் தப்பு உங்கள் கையில்தான். ஹீட்டரை நாள் முழுக்க எரியவிடுகிறீர்கள் போல. குளிப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, சூடானதும் அணைத்துவிட வேண்டும். உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, பிறகு திறக்க வேண்டும். பத்து லிட்டர் ஒரு ஆளுக்குத் தாராளம். பாத்திரமும் கழுவ வேண்டியிருந்தால் அதே சூட்டில் கழுவிவிடுங்கள், அதற்கென்று தனியாகப் பற்றவைக்காதீர்கள்.

உங்களுக்குத்தான் எழுதி வைப்பதில் கொள்ளை ஆசையாயிற்றே. எப்போது பற்றவைக்கிறீர்கள், எத்தனை நிமிடம் எரிகிறது என்று ஒரு வாரத்துக்குக் குறித்து அனுப்புங்கள். ஓட்டை எங்கே என்று நான் சொல்கிறேன்.

வீட்டுக்காரி


அணைத் தளம்
டிசம்பர் 31, புதன்

வீட்டுக்காரிக்கு,

குமிழி வரவில்லை. குழாய் புதியதுதான். கேட்டபடி ஒரு வாரம் குறித்தேன். ஏழு நாளும் பெரிய வித்தியாசம் இல்லாததால் நேற்றையதை மட்டும் எழுதுகிறேன்.

காலை 5.10, இருபத்தைந்து நிமிடம்.
காலை 9.30, இருபத்தைந்து நிமிடம்.
பகல் 12.05, முப்பது நிமிடம்.
மாலை 4.40, இருபத்தைந்து நிமிடம்.
மாலை 6.50, இருபது நிமிடம்.

இன்னும் சில விஷயங்கள். நாலு நாளாக மழை விடவில்லை, துணி காயவில்லை. கிழக்குப் பக்கம் கூரை விளிம்பிலிருந்து தரை வரைக்கும் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக் கொடி போட்டிருக்கிறேன். ஹீட்டர் சூட்டில் உள்ளே நன்றாகக் காய்கிறது. சுவரில் நீ மாட்டியிருந்த எச்சரிக்கைப் பெட்டி முந்தாநாளிலிருந்து வீல் வீலென்று கத்துகிறது. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கழற்றி வைத்தேன். லாரிக்காரரிடம் புதியது சொல்லியிருக்கிறேன். தலைவலி வேறு. வெளியே நடந்தால் விட்டுவிடுகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் போல.

நீர்மட்டம் 33.2.

அளவுக்காரன்


சலவைக்கூடம்
ஜனவரி 3

உங்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலைதான் கையில் கிடைத்தது. அந்தப் பெட்டி பேட்டரிக்காகக் கத்தவில்லை, விஷப் புகைக்காகக் கத்தியது. புகைவாயின் மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டீர்கள். போக வழியில்லாத புகை துணியைக் காய வைத்துவிட்டு ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாது.

கடிதம் போய்ச் சேர அடுத்த புதன் ஆகும் என்று உடனே காவல் சாவடிக்குப் போன் போட்டேன். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். பகல் பன்னிரண்டு ஐந்து. ஆறு மணி, பன்னிரண்டு மணி, மறுபடி ஆறு மணி, இந்த மூன்று வேளையும் நீங்கள் முந்நூற்றுப் பத்துப் படிக்கு மேலே அளவு அறையில் இருப்பவர். காய்ச்சலிலும் போனவர், உங்கள் அம்மா செத்த அன்றும் போனவர். பன்னிரண்டு ஐந்துக்குக் கீழே வெந்நீர் போட உங்களுக்கு இன்னொரு உடம்பா இருக்கிறது? நாலு சட்டை காய வைக்கத் தார்ப்பாய்க் கூடாரமா?

யாரோ ஒருத்தியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஆனாலும் எவளாக இருந்தாலும் அவள் சாகக் கூடாது. போனில் காவல்காரரிடம் கத்தினேன். "கேரவன்ல ஒரு பொம்பளை இருக்கா, ஹீட்டரை அணைச்சிட்டு அவளை வெளிய இழுத்துட்டு வாங்க, தார்ப்பாயை அறுத்துப் போடுங்க!"

அவர் கேட்டார், "குழந்தையும் உள்ளதான் இருக்கும்மா, அதையும் தூக்கிட்டு வரவா?"

"எந்தக் குழந்தை?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க, உங்க பேத்திதான்."

இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று ராத்திரி அவரே கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள் என்று ஒரு காவல்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சாவடிக்குத் தெரிந்திருக்கிறது, லாரிக்காரருக்கும் தெரிந்திருக்கும். அவள் குளிக்கத்தான் என்னிடமே வெந்நீர் போடக் கற்றுக்கொண்டீர்கள்.

கத்த எனக்கு இப்போது தெம்பில்லை. ஒன்றே ஒன்று. நான் வருகிறேன். உள்ளே கூட வர வேண்டாம், படியில் நிற்கிறேன். ஒரு மணி நேரம் போதும். மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பேட்டரியைப் போட்டீர்களா?


அணைத் தளம்
ஜனவரி 7, புதன்

வீட்டுக்காரிக்கு,

காவல்காரர் ஓடிவந்தபோது நான் மேலே அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. நம் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை எழுப்பினால் கண் திறந்து மறுபடி மூடியிருக்கிறது. வெளிக்காற்றில் வைத்திருந்துவிட்டு ஜீப்பில் அணையின் மருத்துவ மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு பேரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் குழந்தை மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். தார்ப்பாயை நானே அறுத்துப் போட்டேன். பேட்டரியும் போட்டாயிற்று.

அவள் வந்தது நவம்பர் 22. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை, அறை கிடைக்கும்வரை இங்கே இருக்கிறேன் என்றாள். குழந்தைக்கு எட்டு மாதம். உள்ளே வரும் முன்பே "அம்மாவுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அன்னிக்கே கிளம்பிடுவேன்" என்று சொல்லித்தான் காலை வைத்தாள். ஒத்துக்கொண்டேன். நீ கேட்டபோது இல்லை என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதப் போவதில்லை என்றுதான் எழுதினேன். பகல் 12.05 என்பதையும் மாற்றி எழுதியிருக்கலாம். முப்பது வருடமாக ஒரு அளவைக்கூட மாற்றி எழுதாத கை, அதற்கும் வரவில்லை.

நீ கேட்டதைச் சொன்னேன். உயிரைக் காப்பாற்றியது அம்மா என்றும் சொன்னேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே "அவங்களுக்கு நன்றி சொல்லிடுங்க. நான் பார்க்க மாட்டேன்" என்றாள்.

நீர்மட்டம் 33.8.

அளவுக்காரன்


சலவைக்கூடம்
ஜனவரி 10

உங்களுக்கு,

இன்னொரு முறை கேளுங்கள். மன்னிக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை வந்தால் போதும், நான் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன். புதன் லாரிக்குக் காத்திராமல், இன்று சாவடிக்குக் கிளம்பும் ஜீப்பில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதினான்காம் தேதி லாரியில் ஏறி வந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் சரி என்று சொல்லும் வரை ஏற மாட்டேன். சாவடியிலிருந்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதுவரைக்கும் எதற்கும் கெஞ்சியதில்லை.


அணைத் தளம்
ஜனவரி 14, புதன்

வீட்டுக்காரிக்கு,

அவள் போய்விட்டாள். நீ வருவாய் என்று தெரிந்ததும் திங்கட்கிழமையே மாப்பிள்ளையை வரவழைத்துக்கொண்டாள். புது விலாசம் என்னிடம் இருக்கிறது. தெரியாது என்று எழுத மாட்டேன். ஆனால் தரவும் மாட்டேன், கேட்காதே.

கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு மட்டும் நீங்க கீழ இருந்திருந்தா கதவு திறந்திருக்கும்பா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

அளவு அறையின் ஜன்னலிலிருந்து கேரவன் கதவு தெரியும். முழங்கால் வலி என்று நீ ஒருநாளும் மேலே ஏறியதில்லை, அதனால் உனக்குத் தெரியாது. அன்று பகல் அளவு எடுக்கப் போனபோது அவள் பெட்டியோடு வருவதைப் பார்த்தேன். கதவைத் தட்டுவதைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் படியில் நின்றாள். மழை பதினோரு மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மறுபடியும் ஜன்னலுக்கு வந்து பார்த்தேன். அன்று வெள்ளம் இல்லை, மேலே எனக்கு எந்த வேலையும் இல்லை. இறங்கி வந்தால் உன் பக்கமோ அவள் பக்கமோ பேச வேண்டியிருக்கும். நீயே திறந்துவிடுவாய், திறந்த பிறகு இறங்கலாம் என்று நின்றேன். அவள் திரும்பி நடந்ததையும் பார்த்தேன். அவள் வளைவு தாண்டிய பிறகுதான் இறங்கினேன். நீ அழுதுகொண்டு சொன்னபோது, அப்போதுதான் கேள்விப்படுகிறவன் போல நின்றேன்.

மூன்று வருடம் நான் பேசாமல் இருந்தது உன் மேல் கோபத்தால் இல்லை. உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டாய். அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. பேத்தி என் மடியில் இருந்தாள்.

நீ திரும்பி வந்துவிடு. இனி பேசுகிறேன்.

அளவுக்காரன்


சலவைக்கூடம்
ஜனவரி 18

உங்களுக்கு,

படித்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தியவள் என்று என்னை நானே மூன்று வருடமாகத் தின்றுகொண்டிருந்தேன். நான்கு பேர் நடுவில் தலை நிமிர்ந்து சிரித்ததில்லை. அந்தப் பாரத்தில் பாதி உங்களுடையது என்று நீங்கள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தெரிந்து வைத்திருந்தீர்கள். பதிவேட்டில் எழுதாததெல்லாம் பொய்யில் சேராது என்று உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மாப்பிள்ளை வேலை செய்யும் பட்டறை எதுவென்று கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. உங்கள் கடிதத்தை அப்படியே உறையில் போட்டு, விலாசத்தை வேறு யாரையாவது எழுதச் சொல்லி அனுப்பினால், என் கையெழுத்து இல்லாததால் பிரித்தும் பார்ப்பாள். உறைகூட வாங்கிவிட்டேன். அனுப்பியிருந்தால் அவள் என்னிடம் வந்திருக்க மாட்டாள், ஆனால் உங்களிடமும் வந்திருக்க மாட்டாள். அது எனக்கு ஒரு முழு நாள் ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பிறகு அந்தக் குழந்தையை நினைத்தேன். இவர்களுக்கு மறுபடி ஒரு அறை போகும், ஒரு வேலை போகும். அப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க அவளுக்கு ஒரு படி வேண்டும். என் படி இல்லையென்று ஆகிவிட்டது. உங்களுடையதையும் நான் பிடுங்கிவிட்டால் அவள் எங்கே போவாள்?

கடிதத்தைப் பாய்லரில் போட்டுவிட்டேன். என்றைக்காவது அவள் என்னிடம் கேட்டால், அப்பா அன்று மேலே வேலையில் இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் சொல்கிறேன். நீங்களும் வாயைத் திறக்காதீர்கள். உங்கள் மனபாரத்தை இறக்க அவளிடம் போய் உண்மை பேசாதீர்கள். இது ஒன்றையாவது அவளுக்காகச் சுமந்துகொண்டு இருங்கள்.

நான் திரும்பி வர மாட்டேன். எனக்கு இனிமேல் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அவள் மறுபடி வந்தால் உடனே கதவைத் திறங்கள்.